56, .406, .466

1941 ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டன் நகரின் கிரிஃபித் மைதானத்தில் ஒரே நாளில் அடுத்தடுத்து இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஜோ டிமாஜியோ ஒரு ஹிட் அடித்தார். தொடர்ந்து 41 ஆட்டங்களில் ஹிட் அடித்து ஜார்ஜ் சிஸ்லர் 1922இல் நிறுவிய சாதனையை அது தொட்டது. இரண்டாவது ஆட்டம் தொடங்குவதற்குள் டிமாஜியோவின் மட்டையைக் காணவில்லை. இடைவேளைப் பரபரப்பில் யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கைப்பிடியைத் தேய்த்துத் தேய்த்துத் தன் விரல்களுக்குப் பழக்கி வைத்திருந்த மட்டை அது. வேறு மட்டையோடு இறங்கியவருக்கு முதல் சில வாய்ப்புகள் வீணாயின. அப்போது சக ஆட்டக்காரர் டாமி ஹென்ரிச் தன் கையிலிருந்த மட்டையை நீட்டினார். அதுவும் ஒரு காலத்தில் டிமாஜியோவிடமிருந்து அவர் வாங்கியதுதான். ஏழாவது இன்னிங்ஸில் அந்த மட்டையால் டிமாஜியோ ஒரு ஹிட் அடித்தார். தொடர் 42 ஆயிற்று, சிஸ்லர் பின்னால் போனார். தொலைந்த மட்டை சில நாளில் திரும்பி வந்தது.

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் நெடிய வரலாற்றில் 1941ஆம் ஆண்டுப் பருவத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. அந்த ஒரே கோடையில் இரண்டு எண்கள் பிறந்தன. டிமாஜியோவின் 56, டெட் வில்லியம்ஸின் .406. 80 ஆண்டுகளுக்கு மேலாகியும் 56ஐ யாரும் தொடவில்லை. .406க்குப் பிறகு அமெரிக்கன் லீகிலோ நேஷனல் லீகிலோ யாரும் .400ஐ எட்டவில்லை. இவை தனி மனிதர்களின் மேதைமைக்குச் சாட்சி என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். மேதைமை உண்மைதான். ஆனால் கடன் வாங்கிய அந்த மட்டையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஒரு சாதனை எண்ணை ஒருவர் மட்டும் உண்டாக்குவதில்லை. பக்கத்தில் நின்றவர்கள், குறிப்பேட்டில் எழுதியவர்கள், அந்த ஆண்டின் விதிகள், ஆட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எல்லோருடைய கையும் அதில் இருக்கிறது. 1941 இதை மற்ற எந்தப் பருவத்தையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது.

கிரிக்கெட் பழகிய நமக்கு இங்கே ஒரு விளக்கம் வேண்டும். கிரிக்கெட்டில் சராசரி என்பது எடுத்த ரன்னை ஆட்டமிழந்த எண்ணிக்கையால் வகுப்பது. பேஸ்பால் சராசரியில் ரன்னுக்கு இடமில்லை. பந்தை அடித்துவிட்டு, அந்த அடியின் பலத்தாலேயே ஒரு பேஸைப் பத்திரமாக எட்டினால் அது ஹிட். மொத்த ஹிட்டுகளை மொத்த வாய்ப்புகளால் வகுத்தால் சராசரி. எட்டாத இடத்தில் நான்கு பந்து வீசப்பட்டு, அதனால் முதல் பேஸுக்கு இலவசமாக நடந்து போனால் அது கணக்கில் சேராது. ஒரு ஆட்டத்தில் ஒருவருக்கு ஏறத்தாழ நான்கு வாய்ப்பு கிடைக்கும். பத்துக்கு மூன்று முறை ஹிட் அடித்தாலே, அதாவது .300 எட்டினாலே, நல்ல பேட்டர் என்று பெயர். பத்துக்கு நான்கு என்பது எட்டாக்கனி. நேஷனல் லீகில் கடைசியாக அதைப் பறித்தவர் பில் டெர்ரி, 1930இல் .401.

அன்று இரண்டு லீகிலும் சேர்த்து 16 அணிகள்தான். மேற்கே செயின்ட் லூயிஸுடன் பேஸ்பாலின் எல்லை முடிந்துவிடும். ரயிலில் போய், பெரும்பாலும் பகலில், பருவத்துக்கு 154 ஆட்டம் ஆடினார்கள். அந்த ஆண்டு ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை என்றாலும் கட்டாய ராணுவச் சேவை தொடங்கிவிட்டது. டெட்ராய்ட் அணியின் நட்சத்திரம் ஹாங்க் கிரீன்பர்க் மே மாதத் தொடக்கத்திலேயே சீருடை மாற்றிக்கொண்டு போய்விட்டார். மே 27 இரவு அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் நெருக்கடி நிலையை அறிவித்தபோது, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில் அந்த உரையைக் கேட்டார்கள். ஜூன் 2ஆம் தேதி யாங்கீஸின் முன்னாள் நாயகன் லூ கெரிக் நரம்பு நோயால் 37 வயதில் இறந்தார். அந்தக் கோடையில் செய்தித்தாளைப் பிரித்தவர்களுக்கு முதல் பக்கம் பயத்தைக் கொடுத்தது, விளையாட்டுப் பக்கம் டிமாஜியோவைக் கொடுத்தது.

டிமாஜியோவின் தொடர் சத்தமில்லாமல் தொடங்கியது. மே 15, யாங்கீ மைதானம், எதிரணி சிகாகோ வொயிட் சாக்ஸ். யாங்கீஸ் 13-1 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் அவருக்கு ஒரே ஒரு ஹிட். அன்றைக்கு அதை யாரும் எண்ணிவைத்திருக்க மாட்டார்கள். அவரை அறிந்தவர்களுக்குப் பின்னாளில் ஒன்று நினைவுக்கு வந்தது: 1933இல், பதினெட்டு வயதில், சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் அணிக்காக ஆடியபோதே அவர் தொடர்ந்து 61 ஆட்டங்களில் ஹிட் அடித்தவர். தந்தை ஜுசெப்பே சிசிலியிலிருந்து வந்து கலிபோர்னியக் கரையில் குடியேறிய மீனவர். அப்பாவின் படகு வாடை பிடிக்காமல் பேஸ்பாலுக்கு ஓடிவந்த பிள்ளை இவர்.

ஜூன் 17, 18 ஆகிய இரண்டு நாட்களை நின்று பார்க்க வேண்டும். அவை தொடரின் 30, 31ஆம் ஆட்டங்கள். இரண்டிலும் எதிரே சிகாகோவின் ஷார்ட்ஸ்டாப் தடுப்பாளர் லூக் ஆப்ளிங். முதல் நாள் டிமாஜியோ தரையோடு அடித்த பந்து எதிர்பாராமல் எகிறி ஆப்ளிங்கின் தோளில் பட்டது. மறுநாள் அடித்த பந்தும் ஆப்ளிங்கின் கைக்கு வந்தும் நிற்கவில்லை. இரண்டு நாளிலும் டிமாஜியோவுக்கு அதைத் தவிர வேறு ஹிட் இல்லை. இது ஹிட்டா, ஆப்ளிங்கின் பிழையா? முடிவு சொல்ல வேண்டியவர் அதிகாரபூர்வக் குறிப்பாளர். அன்று அந்தப் பொறுப்பு பத்திரிகையாளர்களிடம் இருந்தது. அந்த நாற்காலியில் இருந்தவர் நியூயார்க் வேர்ல்ட்-டெலிகிராம் நாளிதழின் டான் டேனியல். இரண்டு முறையும் ஹிட் என்று எழுதினார். யாங்கீஸுடன் ஊர் ஊராகப் போய் அவர்களைப் பற்றி எழுதிப் பிழைத்த ஒருவர் தந்த தீர்ப்பு அது. அது தவறு என்று நான் வாதாட வரவில்லை. எகிறிய பந்துக்கு ஹிட் கொடுப்பது வழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் டேனியலின் பென்சில் ஒரு முறை வேறு பக்கம் சாய்ந்திருந்தாலும் இன்று 56 என்ற எண்ணே இருந்திருக்காது.

அடுத்த வாரம் ஜூன் 26. எதிரணி செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ். எட்டாவது இன்னிங்ஸ் வரை டிமாஜியோவுக்கு ஹிட் கிடைக்கவில்லை. யாங்கீஸ் முன்னிலையில் இருந்ததால் ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர்கள் மட்டை பிடிக்கப்போவதில்லை. அந்த எட்டாவது இன்னிங்ஸில் டிமாஜியோ நான்காவது ஆள். ஒருவர் அவுட். அடுத்தவர் முதல் பேஸில். மூன்றாவதாக வந்தவர் அதே டாமி ஹென்ரிச். அவர் பந்தைப் பலமாக அடித்து அது நேராகத் தடுப்பாளர் கையில் போனால் இரட்டை அவுட் ஆகிவிடும், டிமாஜியோ களமிறங்கும் முன்பே மூன்று அவுட்டும் ஆகி இன்னிங்ஸ் முடிந்துவிடும். ஹென்ரிச் திரும்பிப் போய் மேலாளர் ஜோ மெக்கார்த்தியிடம் பந்தை மெல்லத் தட்டிவிட அனுமதி கேட்டார். மெக்கார்த்தி தலையசைத்தார். ஹென்ரிச் பந்தைத் தட்டினார், தான் அவுட்டானார், டிமாஜியோவுக்கு வழி விட்டார். வந்தவர் இரண்டு பேஸ் அடி அடித்தார். 38ஆவது ஆட்டம் தாண்டியது. ஹென்ரிச்சும் சாதாரண ஆட்டக்காரர் இல்லை. அந்தப் பருவத்தில் அவர் அடித்த ஹோம் ரன் 31, டிமாஜியோவை விட ஒன்று அதிகம். அப்படிப்பட்டவர் தன் வாய்ப்பை இன்னொருவருக்காக விட்டுக்கொடுத்தார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்குப் பதிவேட்டில் எந்தக் கட்டமும் இல்லை.

சிஸ்லரைத் தாண்டியதும் பத்திரிகைகள் பழைய ஏடுகளைப் புரட்டி 1897இன் வில்லி கீலரைக் கொண்டுவந்து நிறுத்தின. கீலரின் கணக்கு 44. மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். கீலர் ஆடிய காலத்தில் எல்லைக்கு வெளியே போகும் ஃபவுல் பந்து ஸ்டிரைக்காகக் கருதப்படவில்லை. பிடிக்காத பந்தையெல்லாம் வெளியே தட்டிவிட்டுக்கொண்டே காத்திருக்கலாம். விதி மாறியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். டிமாஜியோவுக்கு அந்தச் சலுகை இல்லை. ஜூலை 2 அன்று பாஸ்டனுக்கு எதிராக ஹோம் ரன் அடித்து அவர் கீலரையும் தாண்டினார்.

ஜூலை 17, கிளீவ்லாந்து. இரவு ஆட்டம். 67,468 பேர் வந்திருந்தார்கள். மூன்றாவது பேஸில் நின்ற கென் கெல்ட்னர், கோட்டை ஒட்டி மிகவும் பின்தள்ளி நின்றுகொண்டார். முதல் இன்னிங்ஸில் டிமாஜியோ அடித்த பந்து பேஸைத் தாண்டிக் கோட்டோரம் சீறியது. கெல்ட்னர் பாய்ந்து புறங்கையால் பிடித்து, கோட்டுக்கு வெளியிலிருந்து வீசி அவுட்டாக்கினார். ஏழாவது இன்னிங்ஸில் கிட்டத்தட்ட அதே பந்து, அதே பிடி, அதே வீச்சு. இடையில் ஒரு முறை நான்கு பந்தில் நடந்து போனார். எட்டாவது இன்னிங்ஸில் அவர் அடித்தது ஷார்ட்ஸ்டாப் லூ பூட்ரோவிடம் போனது. கடைசி நொடியில் பந்து எகிறியது. ஆப்ளிங்கின் தோளில் பட்டதைப் போல இதுவும் பட்டிருக்கலாம். பூட்ரோ பிடித்துவிட்டார். இரட்டை அவுட். தொடர் முடிந்தது. மறுநாளே டிமாஜியோ புதிதாகத் தொடங்கி இன்னும் 16 ஆட்டங்கள் போனார்.

இந்த 56 எவ்வளவு அரிது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தப் பருவத்தில் டிமாஜியோவின் சராசரி .357. ஒரு ஆட்டத்துக்கு நான்கு வாய்ப்பு என்றால், ஒரு ஹிட்டாவது அடிக்கும் சாத்தியம் நூற்றுக்குச் சுமார் 83. அதுவே 56 நாள் விடாமல் நடப்பதற்கான சாத்தியம் ஏறத்தாழ 36,000இல் ஒன்று. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் பேஸ்பாலின் தொடர்களையெல்லாம் இப்படி அலசி, நிகழ்தகவின் கணக்குக்குள் அடங்காமல் நிற்பது டிமாஜியோவின் தொடர் ஒன்றுதான் என்றார். அவருடைய நண்பர், உயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்ட் அதை உலகறியச் செய்தார். 2008இல் சாமுவேல் ஆர்ப்ஸ்மேனும் ஸ்டீவன் ஸ்ட்ரோகட்ஸும் வேறு வழியில் போனார்கள். டிமாஜியோவுக்கு மட்டும் கணக்குப் போடாமல், பேஸ்பால் வரலாறு முழுவதையும் கணினியில் 10,000 முறை திரும்ப ஓட்டினார்கள். அவற்றில் 42 விழுக்காட்டில் யாரோ ஒருவர், ஏதோ ஓர் ஆண்டில், 56 அல்லது அதற்கு மேல் போய்விட்டார். குறிப்பிட்ட ஒருவருக்கு லாட்டரி விழுவது அரிது, யாரோ ஒருவருக்கு விழுவது அவ்வளவு அரிதில்லை. இரண்டு கணக்கும் சரி, கேள்விதான் வேறு. ஆனாலும் எனக்குப் பர்செலின் பக்கம்தான் மனம் சாய்கிறது. கணினி ஓட்டிய வரலாறுகளில் அந்த யாரோ ஒருவரை ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டு நிற்கும் கூட்டம் இல்லை, மட்டையைத் திருடும் கை இல்லை.

அன்று அப்படி எண்ணிக்கொண்டு நின்ற கூட்டத்தில் பாஸ்டனின் டெட் வில்லியம்ஸும் ஒருவர். ரெட் சாக்ஸ் அணியில் அவருக்குப் பக்கத்தில் நின்று தடுத்தவர் ஜோவின் தம்பி டாம் டிமாஜியோ. ஃபென்வே மைதானத்தின் ஸ்கோர் பலகைக்குள் இருந்தவர் நியூயார்க் செய்தியை வில்லியம்ஸிடம் சொல்வார். வில்லியம்ஸ் உடனே மைதானத்துக் குறுக்கே கத்தி டாமிடம் சொல்வார். இன்னொரு தகவல்: டிமாஜியோ தொடர்ந்து அடித்த அந்த 56 ஆட்ட காலத்தில் அவருடைய சராசரி .408. அதே நாட்களில் வில்லியம்ஸ் .412 அடித்திருந்தார்.

வில்லியம்ஸ் சான் டியேகோவில் பிறந்தவர். தாய் மே, மெக்சிகோ வம்சாவளி, சால்வேஷன் ஆர்மியின் ஊழியர். அந்த வசந்தத்தில் பயிற்சியின்போது வில்லியம்ஸின் கணுக்கால் எலும்பில் சிறு முறிவு. முதல் இரண்டு வாரம் முழு ஆட்டம் ஆட முடியாமல், பேட்டிங் பயிற்சியிலேயே பொழுது போயிற்று. அது தனக்கு நன்மைதான் செய்தது என்று அவர் பின்னர் சொன்னார். அடிப்பதை அறிவியலாகப் பார்த்தவர் அவர். ஸ்டிரைக் பகுதியை 77 பந்துகளின் கட்டமாகப் பிரித்து, எந்த இடத்துப் பந்தை அடித்தால் தன் சராசரி எவ்வளவு என்று பின்னாளில் தன் புத்தகத்தில் வரைந்து காட்டினார். அந்தக் கட்டத்தின் நடுவில் வரும் பந்தில் .400, வெளிப்புறத் தாழ்ந்த மூலையில் .230. வேண்டாத பந்தைத் தொடாமல் விடுவதுதான் அவருடைய வித்தை. அந்த ஆண்டு 147 முறை நடந்தே முதல் பேஸுக்குப் போனார். 37 ஹோம் ரன் அடித்தவர் ஸ்டிரைக் அவுட் ஆனது 27 முறை மட்டுமே.

செப்டம்பர் 27, சனிக்கிழமை. ஃபிலடெல்ஃபியாவின் ஷைப் பார்க்கில் நான்கு வாய்ப்பில் ஒரே ஹிட். சராசரி .39955க்கு இறங்கியது. 448 வாய்ப்பில் 179 ஹிட். மூன்றாம் இலக்கத்துக்குத் திருத்தினால் .400. மேலாளர் ஜோ க்ரோனின், மறுநாள் இரண்டு ஆட்டங்களிலும் வேண்டுமானால் உட்கார்ந்துகொள்ளலாம் என்றார். வில்லியம்ஸ் மறுத்தார். அன்றிரவு அணியின் உடைமாற்றும் அறையைப் பார்த்துக்கொண்ட ஜானி ஆர்லாண்டோவுடன் ஃபிலடெல்ஃபியா தெருக்களில் நடந்து திரிந்தார்.

அந்த மறுப்பின் விலையை எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டு வாய்ப்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஹிட் அடித்தால் 456இல் 182, அதாவது .399, எல்லாம் போயிற்று. நான்கு அடித்தால்தான் .401. சரியாக .400 அடிக்கும் ஒருவர் எட்டில் நான்கோ அதற்கு மேலோ அடிக்கும் சாத்தியத்தைக் கணக்கிட்டால் நூற்றுக்கு 40.6 வருகிறது. இழக்கும் சாத்தியம் 59.4. பகடையில் எந்தச் சூதாடியும் ஏற்காத பந்தயம் இது. தற்செயலாகத்தான் இந்த 40.6 அவருடைய இறுதிச் சராசரியோடு ஒத்துப்போகிறது. இருந்தாலும் இதை முதன்முறை காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு குளிராக இருந்தது. சுமார் 10,000 பேர் வந்திருந்தார்கள். முதல் முறை அவர் மட்டையோடு வந்தபோது கேட்சர் ஃப்ராங்கி ஹேய்ஸ் ஒன்று சொன்னார்: சலுகை காட்டினால் தொலைத்துவிடுவேன் என்று எங்கள் மேலாளர் கானி மேக் எச்சரித்திருக்கிறார், அதனால் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டோம். அம்பயர் பில் மெக்கௌவன் குனிந்து பிளேட்டைத் துடைத்தபடி, .400 அடிக்க வேண்டுமானால் உடம்பு தளர்வாக இருக்க வேண்டும் என்று காதில் போட்டார். வில்லியம்ஸே பின்னர் சொன்ன செய்திகள் இவை. முதல் ஆட்டத்தில் ஐந்து வாய்ப்பில் நான்கு ஹிட், அதில் ஒன்று ஹோம் ரன். கணக்குக்குத் தேவையான நான்கும் வந்துவிட்டன. அப்போதாவது உட்கார்ந்திருக்கலாம். இரண்டாவது ஆட்டத்துக்கும் இறங்கினார், மூன்றில் இரண்டு. அதில் ஓர் அடி மைதானத்து ஒலிபெருக்கியைப் போய் மோதியது. முடிவில் 456 வாய்ப்பில் 185 ஹிட், .406.

இங்கேயும் விதியின் கை இருக்கிறது, எதிர்த்திசையில். உயரே அடித்த பந்து பிடிபட்டாலும் அதனால் சக ஆட்டக்காரர் ஓடி ரன் எடுத்துவிட்டால், இன்று அது அடித்தவரின் வாய்ப்புக் கணக்கில் சேராது. 1939இல் இந்தச் சலுகை இருந்தது. அடுத்த ஆண்டு எடுத்துவிட்டார்கள். 1954இல்தான் திரும்பி வந்தது. 1941இல் வில்லியம்ஸ் அப்படி அடித்ததெல்லாம் வெறும் அவுட்டாகவே எழுதப்பட்டது. இன்றைய விதியில் அவருடைய எண் இன்னும் சில புள்ளிகள் உயர்ந்திருக்கும். டேனியலின் பென்சில் டிமாஜியோவுக்குக் கொடுத்ததை, விதிப்புத்தகம் வில்லியம்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டது.

அந்த ஆண்டின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பத்திரிகையாளர்கள் டிமாஜியோவுக்குத் தந்தார்கள். 291 புள்ளிக்கு 254. யாங்கீஸ் 17 ஆட்ட வித்தியாசத்தில் பாஸ்டனைப் பின்னால் தள்ளி முதலிடம் வந்திருந்தது. மட்டையை மட்டும் வைத்துப் பார்த்தால் வில்லியம்ஸின் பருவமே பெரிது என்பது என் கணிப்பு. அவர் இரண்டுக்கு ஒரு முறைக்கும் மேல் எப்படியோ பேஸை எட்டினார். அந்த விகிதம் .553. அன்று அந்த எண்ணை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளுக்கு ஒன்றாக ஏறும் எண்ணுக்கு மனித மனம் சீக்கிரம் மயங்கும்.

இரண்டு லீகுகளின் வெற்றி அணிகளும் மோதும் உலகத் தொடரில் யாங்கீஸுக்கு எதிரே புரூக்ளின் டாட்ஜர்ஸ். 1920க்குப் பிறகு அவர்கள் அங்கே வருவது அதுதான் முதல் முறை. அக்டோபர் 5, நான்காவது ஆட்டம், எபெட்ஸ் மைதானம். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், டாட்ஜர்ஸ் 4-3 முன்னிலை. மட்டையோடு நிற்பவர் மீண்டும் டாமி ஹென்ரிச். ஹ்யூ கேசி வீசிய பந்துக்கு அவர் மட்டையைச் சுழற்றித் தவறவிட்டார். மூன்றாவது ஸ்டிரைக், ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கேட்சர் மிக்கி ஓவனின் கையுறையில் பட்டுப் பந்து ஓரமாக ஓடியது. மூன்றாவது ஸ்டிரைக்கைக் கேட்சர் பிடிக்காவிட்டால் அடித்தவர் ஓடலாம். ஹென்ரிச் ஓடினார், முதல் பேஸில் நின்றார். அடுத்து டிமாஜியோ ஹிட், சார்லி கெல்லர் இரண்டு பேஸ் அடி. நான்கு ரன் குவிந்து யாங்கீஸ் 7-4 வென்றது. மறுநாள் தொடரும் அவர்களுடையது. மட்டை கொடுத்தவரும், வழி விட்டவரும், தோற்ற பிறகும் ஓடியவரும் ஒருவரே. ‘நம்பத்தக்க முதியவர்’ என்று பொருள்படும் பட்டப்பெயரைப் பின்னர் வானொலி வர்ணனையாளர் மெல் ஆலன் ஹென்ரிச்சுக்குச் சூட்டினார். 2009இல், 96ஆம் வயதில் அவர் காலமானார்.

இரண்டு மாதத்தில் பேர்ல் ஹார்பர். டிசம்பர் 5 அன்றுதான் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட கிரீன்பர்க் மறுபடியும் போய்ச் சேர்ந்தார். வில்லியம்ஸ் போர் விமானியாகப் பயிற்சி பெற்று மூன்று பருவங்களை இழந்தார். பிறகு கொரியாவில் 39 முறை போர்ப் பறப்புகள் மேற்கொண்டார். டிமாஜியோவும் 1943இல் படையில் சேர்ந்தார். போர் தொடங்கியபோது அவருடைய பெற்றோர் இன்னும் இத்தாலியக் குடியுரிமையில்தான் இருந்தார்கள். நாடே மகனைக் கொண்டாடி முடித்த சில மாதங்களில் அரசு அவர்களை ‘எதிரி நாட்டவர்’ பட்டியலில் வைத்தது. அந்த முதிய மீனவருக்குச் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்குள் போகவே தடை.

.400 ஏன் மறைந்தது என்பதற்கு கூல்ட் 1996இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆட்டத்தின் தரம் ஏற ஏற எல்லோரும் ஒருவரை ஒருவர் நெருங்குகிறார்கள். லீகின் பொதுச் சராசரி .260ஐ ஒட்டியே நிற்கிறது, ஆனால் மிக மோசமானவருக்கும் மிகச் சிறந்தவருக்கும் இடையிலான தூரம் குறைந்துவிடுகிறது. உச்சம் தாழ்ந்தது பேட்டர்கள் மங்கியதால் இல்லை, சுற்றியிருக்கும் எல்லோரும் உயர்ந்ததால். எனக்கு இந்த விளக்கம் ஏற்புடையது. இதை ஏற்றால் அடுத்த கேள்வியைத் தட்ட முடியாது. 1941இன் லீகுகளில் தரம் குறைந்தவர்கள் இடம்பிடித்திருந்ததற்கு ஒரு பெரிய காரணம், தகுதியுள்ள கறுப்பின ஆட்டக்காரர்கள் ஒருவர்கூட உள்ளே விடப்படாதது.

1936இன் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் டிமாஜியோ கறுப்பின ஆட்டக்காரர் சாட்சல் பேஜின் பந்துவீச்சைச் சந்தித்தார். தான் எதிர்கொண்டவர்களிலேயே சிறந்தவர் பேஜ் என்று பின்னர் சொன்னார். ஆனால் அந்த 56 ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் பேஜைச் சந்திக்க வேண்டியிருக்கவில்லை. பேஜ் அப்போது கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில், கறுப்பினத்தவருக்கெனத் தனியே நடந்த நீக்ரோ லீகில். அதே கோடையில் அந்த லீகுகளின் மாபெரும் பேட்டர் ஜோஷ் கிப்சன் மெக்சிகோவின் வெராக்ரூஸ் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியில் சேர்ந்தார். அந்த அணி தன் சொந்த ஊர் ஆட்டங்களில் பலவற்றை வாடகைக்கு எடுத்து ஆடிய இடம் வாஷிங்டனின் கிரிஃபித் மைதானம். டிமாஜியோ கடன் மட்டையால் சிஸ்லரைத் தாண்டிய அதே புல்வெளி. 1943இல் கிப்சனின் சராசரி .466. 1947 ஜனவரியில், 35ஆம் வயதில் அவர் இறந்தார். மூன்று மாதம் கழித்து ஜாக்கி ராபின்சன் கறுப்பினத்தவர் மீதான அந்தத் தடையை உடைத்து புரூக்ளினுக்காகக் களமிறங்கினார். வில்லியம்ஸின் சொந்த அணியான ரெட் சாக்ஸ், 1945இல் ராபின்சனை ஃபென்வேக்கு வரவழைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிய அணி. கறுப்பின ஆட்டக்காரரைக் கடைசியாகச் சேர்த்துக்கொண்டதும் அதுதான், 1959இல்.

1966 ஜூலையில் கூப்பர்ஸ்டவுனின் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் வில்லியம்ஸுக்கு இடம் தந்தார்கள். நன்றி சொல்ல எழுந்தவர், யாரும் எதிர்பாராமல் பேஜ், கிப்சன் இருவரின் பெயரையும் சொன்னார். வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒரே காரணத்தால் வெளியே நிற்கும் கறுப்பின மேதைகளின் அடையாளமாக அவர்களையும் இங்கே சேர்க்கும் நாள் வர வேண்டும் என்றார். பேஜ் 1971இலும் கிப்சன் 1972இலும் சேர்க்கப்பட்டார்கள். தன் எண்ணுக்குப் பின்னால் யாருடைய இடம் காலியாக இருந்தது என்று அறிந்த மனிதர் என்பதால்தான், .406ஐ விட அந்த உரைக்காக நான் வில்லியம்ஸை வணங்குகிறேன்.

நீக்ரோ லீகுகளின் ஆட்ட விவரங்கள் பழைய நாளிதழ்களில் சிதறிக் கிடந்தன. ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் அவற்றைத் தேடிச் சேர்த்தார்கள். 2020 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகம் அந்த லீகுகளையும் பெரிய லீகுகளாக ஏற்றது. 2024 மே மாத இறுதியில் புள்ளிவிவரங்களையும் தன் ஏட்டில் சேர்த்தது. அங்கே பருவத்துக்கு ஆட்டங்கள் குறைவு, 154க்கு இணையாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நீண்ட பருவத்தை அவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தவர்கள் கேட்கக்கூடிய கேள்வி அது இல்லை. ‘கடைசியாக .400 அடித்தவர் டெட் வில்லியம்ஸ்’ என்று எண்பது ஆண்டுகளாக எழுதிவந்த வரியை இனி அப்படியே எழுத முடியாது.

கிரிஃபித் மைதானம் 1965இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஹவார்ட் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. ஒரு பருவத்தின் மிக உயர்ந்த சராசரி என்ற வரிசையில், அதிகாரபூர்வ ஏட்டின் முதல் பெயர் இன்று ஜோஷ் கிப்சன், 1943, .466.